சேலையூர் வெயிலில் ஆர்க்கிட் பூக்குமா? மொட்டை மாடியில் வளர்ப்பது எப்படி, வளர்ப்போர் குழு எதற்கு? முழு விவரம்

நர்சரியில் பூவோடு பார்த்து ஆசையாக ஆர்க்கிட் வாங்குவது, மூன்றே மாதத்தில் காய்ந்த தண்டைத் தூக்கிக் குப்பையில் போடுவது. சென்னையில் செடி வளர்க்கும் பல வீடுகளில் நடக்கும் கதை இது. "நம்ம ஊரு வெயிலுக்கு இதெல்லாம் வராதுப்பா" என்ற தீர்ப்போடு அந்த ஆசையும் முடிந்துவிடும்.

ஆனால், சேலையூரிலிருந்து மேடவாக்கம் போகும் வழியில் இருக்கும் நன்மங்கலம் காப்புக்காட்டில், முட்புதர்களுக்கு நடுவே தரையில் வளரும் ஆர்க்கிட்டுகள் இயற்கையாகவே இருக்கின்றன. யாரும் நடவில்லை, யாரும் தண்ணீர் ஊற்றவில்லை. இதே வெயில், இதே மழைதான் அவற்றுக்கும்.

அப்படியென்றால் வீட்டுக்கு வாங்கி வரும் செடி மட்டும் ஏன் சாகிறது? பெரும்பாலான நேரம் அதைக் கொல்வது வெயில் இல்லை. வேரைச் சுற்றித் தேங்கும் தண்ணீரும், ஊருக்குப் பொருந்தாத வகையை வாங்குவதும்தான் காரணம். இந்த இரண்டையும் சரி செய்தால் சேலையூர் மொட்டை மாடியிலும் ஆர்க்கிட் பூக்கும். எப்படி என்று பார்க்கலாம்.

ஆர்க்கிட் என்றாலே மலைப் பிரதேசச் செடியா?

இல்லை. இந்தியத் தாவரவியல் ஆய்வு மையத்தின் கணக்குப்படி நாட்டில் 1,256 வகை ஆர்க்கிட்டுகள் உள்ளன. அவற்றில் 388 வகைகள் இந்தியாவைத் தவிர வேறு எங்கும் இயற்கையில் கிடையாது. வடகிழக்கு மாநிலங்களிலும் மேற்குத் தொடர்ச்சி மலையிலும்தான் எண்ணிக்கை அதிகம். ஆனால் சமவெளியில் வாழ்பவையும் உண்டு.

உதாரணத்துக்கு, 'வாண்டா டெசலேட்டா' என்ற ஆர்க்கிட். மாமரம் போன்ற மரங்களின் கிளைகளில் ஒட்டி வளரும் இந்தச் செடி, கிழக்குத் தொடர்ச்சி மலை அடிவாரங்களிலும் வறண்ட காடுகளிலும் கிடைக்கிறது. கோடை முழுக்க மழை இல்லாமலேயே தாக்குப்பிடிக்கும். 'வாண்டா' என்ற பெயரே சமஸ்கிருதத்திலிருந்து எடுக்கப்பட்டதுதான்.

ஏறக்குறைய நிலநடுக்கோட்டிலேயே இருக்கும் சிங்கப்பூரின் தேசிய மலரும் ஆர்க்கிட்தான். 'வாண்டா மிஸ் ஜோக்கிம்' என்ற அந்தக் கலப்பினம் 1893-ல் பதிவானது. ஆக்னஸ் ஜோக்கிம் என்ற பெண்ணின் தோட்டத்தில் உருவான செடி அது. 1981 ஏப்ரலில் தேசிய மலராக அறிவிக்கப்பட்டது. நேரடி வெயில் பட்டால்தான் அது நன்றாகவே பூக்கும்.

ஆக, 'ஆர்க்கிட்டுக்குக் குளிர் வேண்டும்' என்பது பாதி உண்மை. சில வகைகளுக்கு வேண்டும். பல வகைகளுக்கு வேண்டாம்.

மண்ணில் நட்டால் ஏன் சாகிறது?

கடைகளில் விற்கும் ஆர்க்கிட்டுகளில் பெரும்பாலானவை மரத்தில் ஒட்டி வளரும் இனங்களின் வாரிசுகள். இவை ஒட்டுண்ணி அல்ல. மரத்திலிருந்து சத்தை உறிஞ்சுவதில்லை. உட்கார ஒரு இடத்துக்காக மட்டுமே கிளையைப் பிடித்துக்கொள்கின்றன.

இவற்றின் வேர்களைப் பார்த்தால் வெள்ளி நிறத்தில் தடிமனாக இருக்கும். மேலே பஞ்சு மாதிரி ஒரு உறை. மழை பெய்ததும் அது தண்ணீரைச் சட்டென்று உறிஞ்சிக்கொள்ளும். வேர் பச்சையாக மாறும். பிறகு காற்றில் உலர்ந்து மறுபடி வெள்ளியாகும். நனைவது, உலர்வது, மறுபடி நனைவது - இந்தச் சுற்றுதான் அந்த வேரின் வாழ்க்கை.

இந்த வேரைச் செம்மண்ணில் புதைத்து, தினமும் ஒரு சொம்பு தண்ணீர் ஊற்றினால் என்ன ஆகும்? காற்று போக வழியில்லாமல் வேர் அழுகும். வேர் போனதும் இலை வாடும். இலை வாடுவதைப் பார்த்து "தண்ணி பத்தல போல" என்று இன்னும் ஊற்றுவார்கள். அதோடு கதை முடிந்தது.

எனவே ஆர்க்கிட் சட்டியில் மண் இருக்கக் கூடாது. அதற்குப் பதில்:

• தேங்காய் மட்டைத் துண்டுகள் - ஓரிரு நாள் தண்ணீரில் ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டி, மறுபடி அலசிவிட்டுப் பயன்படுத்த வேண்டும். மட்டையில் இருக்கும் உப்பும் கறையும் போய்விடும்.

• அடுப்புக்கரித் துண்டுகள் - நீண்ட நாள் மக்காது, காற்றோட்டம் தரும்.

• உடைந்த ஓடு, செங்கல் சில்லு - சட்டியின் அடியில் போட்டால் தண்ணீர் வடிந்துவிடும்.

சட்டியில் அடியில் மட்டுமல்லாமல் பக்கவாட்டிலும் ஓட்டைகள் இருப்பது நல்லது. வாண்டா வகைக்குச் சட்டியே வேண்டாம். ஒரு மரக்கூடையிலோ கம்பியிலோ கட்டித் தொங்கவிட்டால் வேர்கள் காற்றில் தொங்கியபடியே வளரும்.

தேங்காய் நார்த்தூளை மட்டும் போட்டு நிரப்புவது அடிக்கடி நடக்கும் தவறு. அது தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். மழைக்காலத்தில் அது மண்ணை விட மோசம்.

சேலையூருக்கு எந்த வகை பொருந்தும்?

வெளியில் வைத்து வளர்க்க, முதல் முறை வாங்குபவர்களுக்கு ஏற்றவை இவை:

• தரை ஆர்க்கிட்: 'ஸ்பத்தோகுளோட்டிஸ்' என்பது இதன் தாவரவியல் பெயர். பனங்கன்று மாதிரி மடிப்பு இலைகள் இருக்கும். ஊதா, மஞ்சள், வெள்ளைப் பூக்கள். ஆர்க்கிட்டுகளில் மண் கலவையில் வளரக்கூடிய சிலவற்றில் இதுவும் ஒன்று. மணலும் மட்கிய இலையும் கலந்து, தண்ணீர் வடியும்படி வைத்தால் போதும். முதல் செடியாக வாங்க இதுதான் சரியான தேர்வு.

• டென்ட்ரோபியம் கலப்பினங்கள்: பூங்கொத்துகளில் பார்க்கும் ஊதா-வெள்ளைப் பூ இதுதான். வெப்பத்தைத் தாங்கும். ஆண்டில் ஒன்றுக்கு மேற்பட்ட முறை பூக்கும். ஒரு பூங்கொத்து பல வாரம் நிற்கும்.

• மொக்காரா: வாண்டா உள்ளிட்ட மூன்று இனங்களைக் கலந்து உருவாக்கியது. நல்ல வெளிச்சம் வேண்டும். வெப்பம் பிரச்னை இல்லை.

• வாண்டா: பெரிய பூ, அழகான நிறங்கள். ஆனால் கோடையில் தினமும் கவனிக்க வேண்டும். அடிக்கடி ஊருக்குப் போகும் குடும்பங்களுக்கு ஒத்து வராது.

• ஆன்சிடியம்: சின்னச் சின்ன மஞ்சள் பூக்கள் பாவாடை கட்டிய பொம்மை மாதிரி ஆடும். பகுதி நிழல் தேவை.

ஆரம்பத்தில் தவிர்க்க வேண்டியவை:

• ஃபெலனாப்சிஸ்: கடைகளில் பரிசுப் பொருளாக விற்கும் அகன்ற இலை ஆர்க்கிட். வெயில் பட்டால் இலை வெந்துவிடும். மறுபடி பூக்க, சில வாரங்களாவது குளுமையான இரவுகள் வேண்டும். வீட்டுக்குள் ஜன்னல் ஓரம் வைக்கலாம், வெளியில் வேண்டாம். வாங்கினால் வேரை இறுக்கிச் சுற்றியிருக்கும் ஈரப்பாசியை எடுத்துவிட்டு மாற்றி நட வேண்டும்.

• சிம்பிடியம்: நர்சரியில் பூவோடு பார்த்தால் மனசு கேட்காது. கடைகளில் விற்கும் பெரிய பூ ரகங்களுக்கு ஊட்டி, சிக்கிம் மாதிரி குளிர் வேண்டும். சென்னையில் இலை மட்டும் விட்டுக்கொண்டு நிற்கும், பூக்காது.

எங்கே வைப்பது?

சேலையூர், ராஜகீழ்ப்பாக்கம் பக்கம் மே மாத மதிய நேரத்தில் மொட்டை மாடித் தரையில் செருப்பில்லாமல் நிற்க முடியாது. அந்தத் தரையில் சட்டியை வைத்தால் வேர் வேகும். அதனால் முதல் விதி: தரையில் வைக்காதே, தொங்கவிடு. தரையிலிருந்து மூன்று, நான்கு அடி உயரத்தில் கம்பி கட்டியோ இரும்பு ஸ்டாண்ட் வைத்தோ வளர்க்கலாம்.

இரண்டாவது விதி: நிழல் வலை. 50 சதவீத நிழல் தரும் பச்சை வலை பெரும்பாலான வகைகளுக்குப் போதும். மாடி இல்லாதவர்களுக்குக் கிழக்குப் பார்த்த பால்கனி நல்லது. காலை வெயில் இரண்டு, மூன்று மணி நேரம் நேராகப் படலாம். மேற்குப் பார்த்த பால்கனி என்றால் பிற்பகல் வெயிலுக்கு வலை கட்டாயம்.

வெளிச்சம் சரியாக இருக்கிறதா என்பதை இலையே சொல்லிவிடும்:

• கரும்பச்சை - வெளிச்சம் பற்றவில்லை. செடி செழிப்பாகத் தெரியும், ஆனால் பூக்காது.

• லேசான மஞ்சள் கலந்த பச்சை - சரியான அளவு.

• வெளுத்து, நடுவில் பழுப்பு அல்லது கறுப்புத் திட்டு - வெயிலில் வெந்திருக்கிறது. அந்தத் திட்டு திரும்பப் பச்சையாகாது. இடத்தை மாற்ற வேண்டும்.

நர்சரியில் நிழலில் இருந்த செடியைக் கொண்டுவந்த அன்றே வெயிலில் வைக்கக் கூடாது. இரண்டு, மூன்று வாரம் நிழலில் வைத்து, கொஞ்சம் கொஞ்சமாக வெளிச்சத்துக்குப் பழக்க வேண்டும்.

வீட்டு வாசலில் மரம் இருந்தால் இன்னும் வசதி. மா, சப்போட்டா போன்ற மரங்களில் கிளை பிரியும் இடத்தில் டென்ட்ரோபியத்தைத் தேங்காய் நார்க்கயிற்றால் கட்டிவிடலாம். சில மாதங்களில் வேர் பட்டையைப் பிடித்துக்கொள்ளும். கொய்யா மாதிரி பட்டை உரியும் மரம் வேண்டாம். உரியும் பட்டையோடு செடியும் கீழே வந்துவிடும்.

போர் தண்ணீர் ஊற்றலாமா?

தென்சென்னைப் புறநகரில் ஆர்க்கிட் வளர்ப்பவர்கள் முதலில் கவனிக்க வேண்டியது இதைத்தான். பல தெருக்களில் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் உப்பாக இருக்கிறது. பக்கெட்டில் வெள்ளைப் படலம் கட்டினால் ஆர்க்கிட் வேரிலும் அதே படலம் கட்டும். வேர் நுனி கறுத்துக் கருகும்.

தண்ணீரில் கரைந்துள்ள உப்பின் அளவை 'டி.டி.எஸ்.' என்பார்கள். ஒரு லிட்டருக்கு 200 மில்லிகிராமுக்குள் இருந்தால் ஆர்க்கிட்டுக்கு நல்லது. 500-ஐத் தாண்டினால் நாளடைவில் செடி படுத்துவிடும். இதை அளக்கும் பேனா வடிவக் கருவி ஆன்லைனில் குறைந்த விலைக்கே கிடைக்கிறது.

மாற்று வழி என்ன?

• மழைநீர்: இதைவிடச் சிறந்தது எதுவும் இல்லை. தமிழகத்தில் 2003-ல் கட்டாயமாக்கப்பட்ட மழைநீர் சேகரிப்பு அமைப்பு பெரும்பாலான வீடுகளில் இருக்கும். மாடியிலிருந்து இறங்கும் குழாயில் ஒரு டிரம்மை இணைத்தால் போதும். முதல் மழைத் தண்ணீரை விட்டுவிட்டு அடுத்ததைப் பிடிக்க வேண்டும். கொசு உற்பத்தியாகாமல் டிரம்மை இறுக மூடி வைப்பது அவசியம்.

• ஆர்.ஓ. தண்ணீர்: குடிக்கும் பக்கம் வரும் தண்ணீரைப் போர் தண்ணீரோடு கலந்து உப்பைக் குறைக்கலாம். ஆனால் ஆர்.ஓ. கழிவுத் தண்ணீரை ஆர்க்கிட்டுக்கு ஊற்றவே கூடாது. வடிகட்டிய உப்பெல்லாம் சேர்ந்து இருப்பது அதில்தான். "வீணாப் போகுதே" என்று ஊற்றியே பலர் செடியை இழக்கிறார்கள்.

• போர் தண்ணீர்தான் வழி என்றால்: உப்பைத் தாங்கும் தரை ஆர்க்கிட்டோடு நிறுத்திக்கொள்வது நல்லது. மழை வரும்போதெல்லாம் சட்டிகளை நன்றாக நனையவிட்டால் படிந்த உப்பு கரைந்து போகும்.

எப்போது ஊற்றுவது? காலை நேரம் சரி. மாலைக்குள் இலையும் குருத்தும் உலர்ந்துவிட வேண்டும். இரவு முழுக்கக் குருத்தில் தண்ணீர் நின்றால் அழுகல் நோய் வரும். வேர் வெள்ளியாக இருந்தால் ஊற்றலாம். பச்சையாக இருந்தால் வேண்டாம். காலண்டரைப் பார்க்காமல் வேரைப் பார்த்தால் போதும்.

எந்த மாதத்தில் என்ன செய்ய வேண்டும்?

மார்ச் முதல் ஜூன் வரை: கடினமான காலம். சென்னையில் 2003 மே 31 அன்று 45 டிகிரி செல்சியஸ் வரை வெப்பம் பதிவாகியிருக்கிறது. கத்திரி வெயில் நாட்களில் தொங்கும் வாண்டாவுக்குக் காலையில் ஒரு முறை, வெயில் இறங்கத் தொடங்கியதும் ஒரு முறை வேரை மட்டும் நனைக்க வேண்டும். செடிகளுக்குக் கீழே ஈர மணல் தட்டு வைத்தாலோ, மற்ற தொட்டிச் செடிகளை அடுக்கினாலோ சுற்றிலும் ஈரப்பதம் கூடும். இந்த மாதங்களில் சட்டி மாற்றுவது, செடியைப் பிரிப்பது வேண்டாம்.

ஜூலை முதல் செப்டம்பர் வரை: மாலை நேர இடிமழை வரும் காலம். செடிகள் வேகமாக வளரும். உரம் கொடுக்கவும், புதுச் சட்டிக்கு மாற்றவும் ஏற்ற நேரம்.

அக்டோபர் முதல் டிசம்பர் வரை: சென்னையில் ஆர்க்கிட்டுகள் அதிகமாகச் சாவது மே மாதத்தில்தான் என்று நினைப்போம். உண்மையான சோதனை வடகிழக்குப் பருவமழைதான். விடாமல் நாட்கணக்கில் மழை பெய்தால் வேர் உலரவே வழி இருக்காது. சட்டிச் செடிகளைக் கூரைக்கு அடியில் நகர்த்த வேண்டும். தொங்கும் வாண்டாக்கள் மழையில் இருக்கலாம், ஆனால் குருத்தில் தண்ணீர் நிற்கிறதா என்று பார்க்க வேண்டும்.

புயல் எச்சரிக்கை வந்தால் முதலில் நிழல் வலையை அவிழ்க்க வேண்டும். 2016 வர்தா புயலில் மரங்களே சாய்ந்த ஊர் இது. வலை காற்றில் பாய்மரம் மாதிரி இழுத்து, கம்பியோடு செடிகளையும் கொண்டு போய்விடும். தொங்கும் செடிகளை இறக்கிக் குளியலறையிலோ படிக்கட்டுக்கு அடியிலோ இரண்டு நாள் வைத்தால் எதுவும் ஆகாது. தண்ணீர் இல்லாமல் இரண்டு நாள் தாங்கும் செடி இது.

ஜனவரி, பிப்ரவரி: இதமான வெயில், குறைந்த மழை. டென்ட்ரோபியத்தில் சில தண்டுகள் இலை உதிர்க்கும். காய்ந்துவிட்டதே என்று வெட்டக் கூடாது. அந்தத் தண்டில் சேமித்த உணவிலிருந்துதான் புதுத் துளிர் வரும். பழைய தண்டிலிருந்தே மறுபடி பூவும் வரலாம். சுருங்கி, பழுப்பாகி, அழுத்தினால் பொக்கென்று உள்ளே போகும் தண்டை மட்டும் நீக்கலாம்.

உரம், பூச்சி, நோய்: தெரிந்துகொள்ள வேண்டியவை

சாணம், கடலைப் புண்ணாக்குக் கரைசல் போன்றவற்றை ஆர்க்கிட் சட்டியில் அப்படியே ஊற்றினால் பூஞ்சையும் எறும்பும்தான் வரும். தண்ணீரில் முழுவதும் கரையும் 19:19:19 உரத்தை ஒரு லிட்டருக்கு ஒரு கிராம் என்ற அளவில் கலந்து, வளரும் காலத்தில் வாரம் ஒரு முறை தெளிக்கலாம். கொஞ்சமாகக் கொடுப்பது முக்கியம். மாதம் ஒரு முறை வெறும் தண்ணீரால் சட்டியை நன்றாக அலசிவிட வேண்டும்.

மாவுப்பூச்சியும் செதில் பூச்சியும் இலை அடியிலும் தண்டு இடுக்கிலும் ஒளிந்திருக்கும். ஆரம்பத்திலேயே பார்த்தால் பழைய பல் பிரஷ்ஷும் சோப்புத் தண்ணீரும் போதும். பரவிவிட்டால் வேப்ப எண்ணெய்க் கரைசலை மாலை நேரத்தில் தெளிக்கலாம். வெயிலில் தெளித்தால் இலை கருகும். மழைக்காலத்தில் நத்தைகள் இரவோடு இரவாக மொட்டையும் வேர் நுனியையும் தின்றுவிடும். டார்ச் எடுத்துப் போய் பொறுக்கிப் போடுவதுதான் எளிய வழி.

இலை அடியில் கறுத்து, கொழகொழவென்று ஆனால் அது அழுகல் நோய். நல்ல பகுதி தெரியும் வரை வெட்டி, வெட்டிய இடத்தில் பட்டைத்தூள் தடவி, செடியை உலர்ந்த காற்றில் தொங்கவிட வேண்டும். பட்டைத்தூளை வேரில் போடக் கூடாது, வேரையும் காயவைத்துவிடும்.

வைரஸ் நோய்க்கு மட்டும் மருந்தே கிடையாது. ஒரு செடியை வெட்டிய கத்தரியால் இன்னொன்றை வெட்டும்போது பரவும். ஒவ்வொரு செடிக்கும் நடுவே கத்தரியைத் தீயில் காட்டுவது கட்டாயம்.

குழுவில் சேர்ந்தால் என்ன லாபம்?

தனியாக ஆர்க்கிட் வளர்ப்பவர் தன் தவறிலிருந்து மட்டும்தான் கற்றுக்கொள்வார். ஒவ்வொரு பாடத்துக்கும் ஒரு செடி விலை. பத்துப் பேர் சேர்ந்தால் அந்தச் செலவு பத்தில் ஒன்றாகும்.

உலகம் முழுக்க ஆர்க்கிட் வளர்ப்பு பரவியதே இப்படிப்பட்ட குழுக்களால்தான். சிங்கப்பூரில் 1928-ல் 'மலாயா ஆர்க்கிட் சங்கம்' தொடங்கப்பட்டது. தொடங்கியவர்களில் தாவரவியல் பூங்காவின் எரிக் ஹோல்டமும் இருந்தார், ஆசைக்காகச் செடி வளர்த்த ஜான் லேகாக்கும் எமில் கலிஸ்தானும் இருந்தார்கள். அதே ஆண்டில் பூங்காவில் ஆர்க்கிட் கலப்பினம் உருவாக்கும் வேலையும் தொடங்கியது. அதிலிருந்து முதலில் பூத்தது, 1931-ல், ஒரு தரை ஆர்க்கிட். அந்தச் சங்கம் இன்று 'தென்கிழக்கு ஆசிய ஆர்க்கிட் சங்கம்' என்ற பெயரில் இயங்குகிறது.

சென்னைக்கும் தோட்டக்கலைச் சங்கம் புதிதல்ல. கதீட்ரல் சாலையில் தொடங்கிய வேளாண் தோட்டக்கலைச் சங்கத்தின் வரலாறு 1835-லிருந்து வருகிறது.

பக்கத்துத் தெருக்காரர்கள் சேர்ந்த சின்னக் குழுவில் நடைமுறையில் என்னென்ன செய்யலாம்?

• செடிப் பரிமாற்றம்: டென்ட்ரோபியத்தின் தண்டு நுனியில் சில நேரம் வேரோடு குட்டிச் செடி வரும். இதைக் 'கெய்க்கி' என்பார்கள். ஹவாய் மொழியில் குழந்தை என்று அர்த்தம். வேர் இரண்டு, மூன்று அங்குலம் வளர்ந்ததும் பிரித்து இன்னொருவருக்குக் கொடுக்கலாம். பெரிய புதரைப் பிரிக்கும்போது ஒவ்வொரு பங்கிலும் குறைந்தது மூன்று தண்டாவது இருக்க வேண்டும்.

• மொத்த கொள்முதல்: தேங்காய் மட்டை, கரி, நிழல் வலை, உரம் எல்லாவற்றையும் மொத்தமாக வாங்கிப் பிரித்துக்கொண்டால் செலவு குறையும். திசு வளர்ப்பு நாற்றுகளும் மொத்தமாக வாங்கும்போது மலிவு.

• ஊருக்குப் போகும்போது உதவி: மே மாதம் பத்து நாள் சொந்த ஊருக்குப் போனால் வாண்டா என்ன ஆகும்? தெருவில் தெரிந்த ஒருவர் இருந்தால் கவலை இல்லை. பக்கத்து வீட்டில் சாவி கொடுத்தால், அவர்கள் அன்பாக அளவுக்கு மீறித் தண்ணீர் ஊற்றிவிடும் ஆபத்தும் உண்டு.

• உள்ளூர்க் குறிப்பேடு: எந்த வகை, எந்தத் திசை, எந்தத் தண்ணீர், எந்த மாதம் பூத்தது என்று எல்லோரும் எழுதி வைத்தால் இரண்டே ஆண்டில் சேலையூருக்கான வழிகாட்டி ரெடி. தாய்லாந்திலும் அமெரிக்காவிலும் எடுத்த யூடியூப் வீடியோக்கள் கேம்ப் ரோடு தண்ணீரைப் பற்றிச் சொல்லாது.

கவனிக்க வேண்டிய ஒன்று: பரிமாற்றத்தில் வரும் செடியை உடனே மற்றவற்றோடு சேர்க்கக் கூடாது. மூன்று, நான்கு வாரம் தனியாக வைத்துப் பூச்சி, நோய் இல்லை என்று தெரிந்த பிறகு சேர்க்க வேண்டும். பூச்சியும் வைரஸும் நட்பு வழியாகத்தான் அதிகம் பரவும்.

காட்டிலிருந்து எடுத்து வரலாமா? சட்டம் என்ன சொல்கிறது?

கூடாது. நன்மங்கலமோ வண்டலூரோ, காப்புக்காட்டிலிருந்து செடியைப் பிடுங்குவது வனச் சட்டப்படி குற்றம். 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் 1991-ல் செய்த திருத்தத்தின் மூலம் நீல வாண்டா, சிவப்பு வாண்டா, 'லேடீஸ் ஸ்லிப்பர்' வகை ஆர்க்கிட்டுகள் ஆகியவை பாதுகாக்கப்பட்ட தாவரங்களின் பட்டியலில் சேர்க்கப்பட்டன. சர்வதேச அளவில், 'சைட்டிஸ்' ஒப்பந்தத்தின் கட்டுப்பாட்டுப் பட்டியலில் ஆர்க்கிட் குடும்பம் முழுவதுமே இருக்கிறது. வெளிநாட்டிலிருந்து பையில் போட்டுக் கொண்டுவரவும் முடியாது. அனுமதியும் தாவர நலச் சான்றிதழும் தேவை.

சட்டத்துக்கு அப்பால் ஒரு காரணமும் இருக்கிறது. ஒரு ஆர்க்கிட் காயில் லட்சக்கணக்கான விதைகள் இருக்கலாம். ஆனால் தூசி மாதிரி இருக்கும் அந்த விதைகளுக்குள் உணவு சேமிப்பே கிடையாது. மண்ணிலோ மரப்பட்டையிலோ இருக்கும் குறிப்பிட்ட பூஞ்சை உதவினால்தான் முளைக்கும். பிறகு பூப்பதற்குப் பல ஆண்டுகள் ஆகும். காட்டில் ஒரு செடியை எடுத்தால் அந்த இடம் எளிதில் நிரம்பாது. அந்தப் பூஞ்சை நம் வீட்டுச் சட்டியில் இருக்காது என்பதால் தரை ஆர்க்கிட் காட்டுச் செடிகள் பெரும்பாலும் வீட்டில் பிழைப்பதும் இல்லை. காட்டுக்கும் நஷ்டம், வீட்டுக்கும் லாபமில்லை.

அகத்தியமலையில் மட்டுமே வாழும் 'பேபியோபெடிலம் ட்ரூரி' என்ற மஞ்சள் நிற ஆர்க்கிட் இதற்கு வேதனையான சாட்சி. 19-ம் நூற்றாண்டில் கண்டறியப்பட்ட அந்தச் செடி, சேகரிப்பாளர்கள் அள்ளிச் சென்றதாலும் காட்டுத் தீயாலும் அழிவின் விளிம்புக்குப் போனது.

காட்டு ஆர்க்கிட்டுகளைப் பார்க்க ஆசையென்றால் ஏற்காட்டுக்குப் போகலாம். இந்தியத் தாவரவியல் ஆய்வு மையத்தின் தேசிய ஆர்க்கிட் பூங்கா 1963 முதல் அங்கே இருக்கிறது. சிக்கிமின் பாக்யோங்கில் 1996-ல் தொடங்கிய தேசிய ஆர்க்கிட் ஆராய்ச்சி மையமும் உண்டு.

ஆன்லைனில் வாங்குபவர்கள் ஒன்றை மட்டும் பார்த்தால் போதும். நர்சரியில் வளர்ந்த செடிக்குப் பெயர்ச் சீட்டு இருக்கும், ஒரே அளவில் பல செடிகள் இருக்கும், இலை சுத்தமாக இருக்கும். பெயரில்லாமல், பாசியும் மரப்பட்டைத் துண்டும் வேரில் ஒட்டியபடி, "அரிய வகை, காட்டுச் செடி" என்று விற்றால் வாங்கக் கூடாது. ஒரு குழு தன் உறுப்பினர்களுக்கு விதிக்க வேண்டிய முதல் விதியும் இதுதான்.

அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வாங்கும்போது பூவைப் பார்க்க வேண்டுமா, வேரைப் பார்க்க வேண்டுமா?
வேரை. கெட்டியான, வெள்ளி அல்லது பச்சை நிற வேர்களும் ஒரு புதுத் துளிரும் இருந்தால் நல்ல செடி. பூ சில வாரத்தில் உதிர்ந்துவிடும்.

வாங்கிய செடி அடுத்து எப்போது பூக்கும்?
பூக்கும் வயதில் உள்ள டென்ட்ரோபியம் புதுத் தண்டு விட்டு, அது முதிர்ந்ததும் பூக்கும். முதல் சில மாதம் இடம் மாறிய அதிர்ச்சியிலேயே போகலாம். ஒரு வருடம் பொறுமை வேண்டும்.

குளிர்ந்த தண்ணீரோ ஐஸ் கட்டியோ வைக்கலாமா?
வெளியில் வளரும் வெப்ப மண்டலச் செடிக்குத் தேவையே இல்லை. மாடித் தொட்டியில் கொதித்துப்போன குழாய்த் தண்ணீரைத்தான் கவனிக்க வேண்டும். கோடையில் காலையில் பிடித்து, ஆற வைத்து ஊற்றுவது நல்லது.

எத்தனை செடியில் தொடங்கலாம்?
இரண்டு. ஒரு தரை ஆர்க்கிட், ஒரு டென்ட்ரோபியம். ஒரு கோடையையும் ஒரு வடகிழக்குப் பருவமழையையும் இரண்டும் தாண்டிவிட்டால், மூன்றாவது செடி வாங்கலாம். அதுவரை பக்கத்து மாடியில் யார் வளர்க்கிறார்கள் என்று விசாரித்து வைத்தால், குழுவின் முதல் கூட்டத்துக்கு ஆள் ரெடி.